வெனிஸ் நகரின் மழையும் எங்கள் வாவியின் முகத்துவாரமும்

மட்டக்களப்பில் மாரி தொடங்கிவிட்டால் பத்திரிகை நிருபர் ஒருவருக்கு ஒரு செய்தி நிச்சயம். ஐப்பசி கழிந்து கார்த்திகை பிறக்கும். உன்னிச்சைக் குளமும் நவகிரிக் குளமும் உறுகாமக் குளமும் நிரம்பும். வான்கதவுகள் திறக்கப்படும். படுவான்கரை வயல்களை மூடிக்கொண்டு வரும் வெள்ளம் வாவியில் வந்து இறங்கும். வாவி கடலோடு சேரும் இடத்தை மணல் அடைத்திருக்கும். "முகத்துவாரத்தை வெட்டிவிடுங்கள், பயிர் அழுகுகிறது" என்று விவசாயிகள் கேட்பார்கள். "அவசரப்பட்டு வெட்டாதீர்கள், இறாலும் மீனும் கடலோடு போய்விடும்" என்று மீனவர்கள் சொல்வார்கள். கச்சேரியில் கூட்டம் நடக்கும். கூட்டம் முடிந்து மண்வெட்டியோ இயந்திரமோ முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள், தாழ்நிலத்துக் குடும்பங்கள் பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு பாடசாலைக் கட்டடங்களுக்குப் போய்விட்டிருப்பார்கள்.

இந்தச் செய்தியை நான் எத்தனை தடவை எழுதினேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆண்டையும் அதிகாரிகளின் பெயர்களையும் மாற்றிவிட்டால் பழைய பத்திரிகை நறுக்கையே மீண்டும் அச்சுக்குக் கொடுக்கலாம் என்று ஆசிரிய பீடத்தில் நாங்கள் பகிடியாகச் சொல்வதுண்டு. பகிடிதான். ஆனால், ஒரு செய்தி முப்பது நாற்பது ஆண்டுகளாக மாறாமல் இருக்கிறதென்றால், அது இயற்கையின் குற்றமாக மட்டும் இருக்க முடியாது.

இந்த எண்ணம் எனக்கு முன்பும் இருந்தது. ஆனால் அதற்கு ஓர் உருவம் கிடைத்தது, இத்தாலியில் மழைநாள் ஒன்றில் நான் செய்த புகையிரதப் பயணத்தில்தான்.

2023 நவம்பர் மாதம் பொலோஞாவில் வசிக்கும் என் சகோதரியின் மகனுடைய வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். ஒரு நாள் காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய தூரத்தில் வெனிஸ் இருக்கிறது. நான் புறப்படத் தயாரான அன்று விடியற்காலையிலிருந்தே மழை. "மாமா, இந்த மழைக்குள்ள போய் என்னத்தப் பார்க்கப்போறீங்க? நாளைக்குப் போவமே" என்றார் மருமகன். "மட்டக்களப்பில பிறந்தவனுக்கு மழையைக் காட்டியா பயப்படுத்துறாய்?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு தாமும் கூட வந்தார். அவர் வந்தது நல்லதாயிற்று. இத்தாலிய மொழி எனக்கு வணக்கம் சொல்லும் அளவுக்குக்கூடத் தெரியாது.

சாதாரண வண்டியில்தான் போனோம். புகையிரதம் பத்து நிமிடம் தாமதம் என்று அறிவித்தார்கள். அதைக் கேட்டுப் பயணிகள் முணுமுணுத்தார்கள். கொழும்புக் கோட்டையில் காலை ஆறு மணியளவில் உதயதேவியில் ஏறி, எட்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்து மட்டக்களப்பில் இறங்கிப் பழகிய எனக்கு அந்த முணுமுணுப்பு வேடிக்கையாக இருந்தது.

பெராராவைத் தாண்டியதும் போ ஆற்றின் மேல் வண்டி சென்றது. இத்தாலியின் மிகப் பெரிய ஆறு அது. நிறம் மாறி, பெருகி ஓடிக்கொண்டிருந்தது. இரு பக்கமும் உயர்ந்த மண் அணைகள். அணைக்கு அப்பால் வயல்களும் வீடுகளும் தாழ்ந்து கிடந்தன. 1951 நவம்பரில் இந்த ஆறு கரையை உடைத்து ரொவிகோப் பிரதேசத்தின் பெரும்பகுதியை மூழ்கடித்தது. நூறு பேரளவில் இறந்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து இடம்பெயர்ந்தார்கள். பலர் திரும்பி வரவேயில்லை. வடமேற்கின் தொழிற்சாலை நகரங்களுக்குப் போய்விட்டார்கள். ஐரோப்பாவில் வெள்ளமும் அகதி வாழ்வும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தப் புகையிரதப் பாதையில் ஒருமுறை போகவேண்டும்.

பாதுவா கடந்து மெஸ்த்ரேயில் நின்ற வண்டி, அதன்பின் தண்ணீருக்குள் இறங்குவதுபோலப் பாலத்தில் ஏறிற்று. வெனிஸை நிலத்தோடு இணைக்கும் அந்தப் புகையிரதப் பாலம் 1846 ஆம் ஆண்டு, ஆஸ்திரியர் ஆட்சியில் திறக்கப்பட்டது. மூன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளம். மோட்டார் வாகனங்களுக்கான பாலம் அதன் அருகிலேயே 1933இல் வந்தது. இரண்டு பக்கமும் வாவி. மழையில் வானமும் நீரும் ஒரே சாம்பல் நிறம். நட்டுவைத்த மரக்குற்றிகளின் மேல் நீர்க்காகங்கள் இருந்தன. கண்ணை இலேசாக மூடிக்கொண்டால் ஓட்டமாவடிப் பாலத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருப்பதாகவே நினைக்கலாம்.

ஓட்டமாவடிப் பாலமும் மன்னம்பிட்டிப் பாலமும் நெடுங்காலம் புகையிரதமும் வாகனங்களும் முறைவைத்துச் சென்ற பாலங்கள். புகையிரதம் போகும்வரை பஸ்கள் காத்து நிற்கும். மன்னம்பிட்டியில் வாகனங்களுக்கெனத் தனிப் பாலம் 2007இல்தான் கிடைத்தது. மட்டக்களப்பைப் புகையிரதம் எட்டியது 1928இல். இன்னும் இரண்டொரு ஆண்டில் அந்தப் பாதைக்கு நூறு வயதாகப் போகிறது. இதைப் பின்னர் சொல்கிறேன்.

வெனிஸின் மாளிகைகளையும் தேவாலயங்களையும் பற்றி எழுதப்போவதில்லை. அவற்றைப் பற்றி எழுத உலகத்தில் ஆள் நிறைய உண்டு. எனக்கு வேண்டியிருந்தது ஒரு கடைப்படி.

சான் மார்க்கோ சதுக்கத்துக்குப் போகும் வழியில் ஒரு சிறிய காகிதாதிகள் கடை. ஏறத்தாழ என் வயதுடைய அம்மையார் ஒருவர் கடைவாசலின் அடிப்பகுதியில் முழங்கால் உயரத்துக்கு ஓர் உலோகப் பலகையைச் செருகிக்கொண்டிருந்தார். தண்ணீர் வரப்போகிறதா என்று மருமகனை விட்டுக் கேட்டேன். அவர் கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டினார். எத்தனை மணிக்கு, எத்தனை சென்டிமீற்றருக்கு நீர் உயரும் என்று நகரசபையின் முன்னறிவிப்பு அதிலிருந்தது. "என் கடைக்கு இவ்வளவு வந்தால் பலகை போதும். இன்னும் ஒரு சாண் கூடினால் கீழ்த்தட்டுக் கொப்பிகளை மேலே தூக்கவேண்டும்" என்றார். உள்ளே சுவரில் ஒரு கோடு. 2019 நவம்பர் 12ஆம் திகதி இரவு நீர் ஏறிய உயரம் அது. அன்று 187 சென்டிமீற்றர். அதைவிடக் கூடிய உயரம் 1966 நவம்பர் 4ஆம் திகதி வந்த 194 சென்டிமீற்றர் மட்டுமே. இந்த எண்களை அந்த அம்மையார் புத்தகம் பார்க்காமல் சொன்னார். தம் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளைச் சொல்வதுபோலச் சொன்னார்.

சதுக்கத்தில் கணுக்கால் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. நடப்பதற்கு மேடைப் பலகைகள் போட்டிருந்தார்கள். தேவாலயத்தைச் சுற்றி, 2022இல் அமைத்த கண்ணாடித் தடுப்பு இருந்தது. மழைச்சப்பாத்தும் குடையும் விற்ற வங்காளதேசத்து இளைஞர்கள் சுறுசுறுப்பாக இருந்தார்கள். யாரும் பதற்றப்படவில்லை. தண்ணீர் எப்போது வரும், எப்போது வடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வெனிஸ் வாவிக்குக் கடல்வாய்கள் மூன்று. அவற்றின் அடியில் 78 இரும்புக் கதவுகளைப் படுக்கவைத்திருக்கிறார்கள். கடல் பொங்கும்போது உள்ளே காற்றைச் செலுத்தினால் கதவுகள் எழுந்து நிற்கும். 'மோசே' என்று அதற்குப் பெயர். வேலை 2003இல் தொடங்கியது. முதன்முதலாகக் கதவுகள் நகரைக் காத்தது 2020 ஒக்டோபர் 3ஆம் திகதி. இடையில் பல நூறு கோடி யூரோ செலவு. 2014இல் ஊழல் வழக்கில் அப்போதைய நகர மேயர் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் கைது. ஆக, களவு எங்கள் நாட்டின் ஏகபோக உரிமையல்ல.

அத்தனை பணம் எங்களிடம் இல்லை. அப்படி ஒரு கதவு எங்கள் வாவிக்குத் தேவையும் இல்லை. அங்கே பிரச்சினை கடல் உள்ளே வருவது. இங்கே பிரச்சினை மழைவெள்ளம் வெளியே போகமுடியாமல் நிற்பது. நான் கவனித்தது கதவுகளை அல்ல, கதவுகளுக்குப் பின்னால் இருக்கும் ஓர் எண்ணை. நீர் 110 சென்டிமீற்றரை எட்டும் என்று முன்னறிவிப்பு வந்தால் கதவுகள் எழுப்பப்படும் என்பது பொது விதி. கதவு எழும்பினால் துறைமுகத்துக்குக் கப்பல் வரமுடியாது, துறைமுகத்தார் முறைப்படுகிறார்கள். எழும்பாவிட்டால் கடைக்காரர் முறைப்படுகிறார்கள். எங்கள் விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் இடையிலுள்ள அதே வழக்குத்தான். ஆனால் வெள்ளம் வந்த அன்றைக்கு உட்கார்ந்து அந்த வழக்கைப் பேசுவதில்லை. முன்கூட்டியே பேசி, ஓர் எண்ணில் எழுதிவைத்துவிட்டார்கள்.

எண்ணைத் தவறாக வைத்தால் என்ன நடக்கும் என்பதையும் அவர்கள் கண்டுவிட்டார்கள். 2020 டிசம்பர் 8ஆம் திகதி முன்னறிவிப்பு அப்போதிருந்த எல்லையைத் தொடவில்லை. கதவுகள் எழுப்பப்படவில்லை. நீரோ 138 சென்டிமீற்றர் வந்து சதுக்கத்தை மூழ்கடித்தது. கோடிக்கணக்கில் செலவிட்ட கதவு கடலடியில் படுத்திருந்தது. இயந்திரத்தைவிட விதி முக்கியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இந்த விதிப்பழக்கம் அவர்களுக்கு நேற்று வந்ததன்று. வெனிஸ் குடியரசு தன் வாவியைக் காப்பதற்கென்றே நீர் நீதிபதிகள் என்ற தனி அதிகாரபீடத்தை 1501இல் ஏற்படுத்தியது. வாவியைச் சேறு தூர்க்கிறது என்று கண்டு, அதில் விழுந்த பெரிய ஆறுகளையே நூற்றாண்டுக் கணக்கில் உழைத்து வேறு திசைக்குத் திருப்பினார்கள். அந்த அதிகாரபீடத்தின் பெயரில் இருந்த அமைப்பு 2014இல், மேலே சொன்ன ஊழலோடு கலைக்கப்பட்டது வேறு கதை. வாவி என்பது யாரோ ஒரு திணைக்களத்தின் கோவையில் உள்ள விடயம் அன்று, நகரத்தின் உயிர் என்ற எண்ணம் ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே சட்டமாக இருந்தது என்பதே நமக்கு வேண்டியது.

இனி எங்கள் வாவிக்கு வருவோம். வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் நீர். பாலமீன்மடுப் பக்கத்திலும் பெரியகல்லாற்றிலும் கடலோடு சேர்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் நகரமும் கடலும். படுவான்கரையில் நெல்லும் பாலும். ஒல்லாந்தர் இலங்கையில் முதன்முதலில் 1602இல் கரையிறங்கியது இந்தப் பிரதேசத்தில்தான். புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையை அவர்கள் 1638இல் கைப்பற்றினார்கள். வாவியின் வாயைப் பிடித்தவன் நாட்டைப் பிடித்தான் என்பது அந்நியருக்குத் தெரிந்திருந்தது.

எங்களுக்கு? வாவிக்குப் பொறுப்பானவர்கள் பலர். குளங்களும் வாய்க்கால்களும் நீர்ப்பாசனத் திணைக்களம். மீன்பிடி ஒரு திணைக்களம். கரையோரம் ஒரு திணைக்களம். கண்டல் மரங்கள் வேறொன்று. நகரத்துக் குப்பை மாநகர சபை. அனர்த்தம் வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையம். எல்லோருக்கும் மேலே அரசாங்க அதிபர். ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செய்பவர்களே. நல்ல அதிகாரிகள் பலரை நான் அறிவேன். ஆனால் வாவி முழுவதையும் ஒன்றாகப் பார்க்கும் ஒரு மேசை வேண்டும்.

வானிலை எச்சரிக்கை வருகிறது. எந்தக் குளத்தின் வான்கதவு எத்தனை அடி திறந்திருக்கிறது என்றும் அறிவிக்கிறார்கள். இவை இரண்டும் வேண்டியவையே. ஆனால் நாவற்குடாவிலோ வவுணதீவிலோ இருக்கும் ஒரு தாய்க்கு வேண்டிய செய்தி வேறு: "நாளை காலை என் வாசற்படிக்குத் தண்ணீர் வருமா?" வெனிஸ் அம்மையாரின் தொலைபேசியில் இருந்தது அந்தச் செய்தி.

1957 டிசம்பர் வெள்ளத்தை எங்கள் தகப்பன்மார் கண்டார்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியை என் தலைமுறை கண்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடலே எழுந்து வந்தது. 2011 ஜனவரியில் பெய்த மழையில் கிழக்கில் பத்து லட்சம் அளவிலான மக்கள் பாதிக்கப்பட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் புரட்டியெடுத்தது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இத்தனையும் எங்கள் நினைவில் கதைகளாக இருக்கின்றன. 'இடுப்பளவு தண்ணீர்', 'கூரைவரை தண்ணீர்' என்று சொல்வோம். யாருடைய இடுப்பு, எந்தக் கூரை? சுவரில் ஒரு கோடு இருந்திருந்தால் அது சாட்சியாகியிருக்கும்.

ஆகவே நான் கேட்பவை பெரியவை அல்ல.

முதலாவது, அளவுகோல். கல்லடிப் பாலத்திலும் புளியந்தீவுக் கரையிலும் மண்முனைப் பாலத்திலும் குருமண்வெளித் துறையிலும், தோணிக்காரரும் பள்ளிப் பிள்ளையும் வாசிக்கக்கூடிய பெரிய அளவுப் பலகைகள் வேண்டும். 1957, 2011, 2025 ஆகிய வெள்ளங்களின் மட்டத்தை அறிந்தவர்களைக் கொண்டு அவற்றில் குறிக்கவேண்டும். மாரிகாலத்தில் அந்த அளவை நாள்தோறும் காலையும் மாலையும் தமிழில் அறிவிக்கவேண்டும்.

இரண்டாவது, விதி. முகத்துவாரத்தை எந்த மட்டத்தில் வெட்டுவது என்பதைக் கோடை காலத்திலேயே விவசாயிகளும் மீனவர்களும் நகரத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசி எண்ணாக எழுதவேண்டும். மீனவருக்கு நட்டம் என்றால் அதற்கு ஈடு என்ன என்பதையும் அந்த மேசையிலேயே எழுதவேண்டும். படுவான்கரையின் நெல்லுக்காக வாவியின் இறால் போகிறதென்றால், இறால்காரரின் உலை மட்டும் அணைவது நியாயமன்று. அந்த எண் எட்டப்பட்டால், பிறகு எந்த அரசியல்வாதியின் தொலைபேசி அழைப்புக்கும் காத்திராமல் வேலை நடக்கவேண்டும்.

மூன்றாவது, புகையிரதம். மன்னம்பிட்டியில் மகாவலி பெருகினால் வீதியும் தண்டவாளமும் சேர்ந்து நின்றுவிடுகின்றன. அப்போது வாவிப் பிரதேசம் தீவாகிவிடுகிறது. நோயாளியும் மருந்தும் மரக்கறியும் நடுவழியில். வெள்ளத்தில் இறுதிவரை ஓடக்கூடியது புகையிரதமாகத்தான் இருக்கவேண்டும். வெனிஸுக்குப் போகும் பாலத்தைப்போல உயரத்தில் அமைந்த பாதை லொறியையும் பஸ்ஸையும்விட நம்பத்தக்கது. 2028இல் மட்டக்களப்புப் பாதைக்கு நூறாண்டு. நினைவு முத்திரையும் மாலை மரியாதையும் நடக்கட்டும். அதற்கு முன் மதகுகளை அகலித்து, தாழ்ந்த இடங்களில் தண்டவாளத்தை உயர்த்தினால் அது உண்மையான விழாவாக இருக்கும். அதே பாதையில், ஹபரணை–கல்லோயாப் பகுதியில், 2025 பெப்ரவரியில் யானைக்கூட்டம் ஒன்று புகையிரதத்தில் மோதுண்டு மடிந்ததையும் மறந்துவிடக்கூடாது. பாதையைத் திருத்துபவர்கள் யானைக்கும் வழிவிட்டுத் திருத்தவேண்டும்.

வெனிஸை நான் முன்மாதிரியாகக் காட்டுவதாக யாரும் நினைக்கவேண்டாம். அந்த நகரத்தில் பெரிய சோகம் ஒன்றும் இருக்கிறது. பழைய நகரத் தீவுகளில் 1951இல் ஒரு லட்சத்து எழுபத்தையாயிரம் அளவில் மக்கள் வாழ்ந்தார்கள். 2022இல் அந்தத் தொகை ஐம்பதாயிரத்துக்குக் கீழ் போய்விட்டது. வீடுகள் உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகிவிட்டன. ஒருநாள் பயணிகளிடம் 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம்கூட வாங்குகிறார்கள். அந்த அம்மையாரின் பிள்ளைகளும் மெஸ்த்ரேயில்தான் வசிக்கிறார்களாம். நீரைக் காத்தார்கள், குடிகளைக் காக்க முடியவில்லை. எங்கள் வாவிக்கரையில் இன்னும் குடிகள் இருக்கிறார்கள். அதிகாலையில் வலை வீசுகிறவர் இருக்கிறார். குருமண்வெளியில் பாதையேறி மண்டூருக்குப் போகிறவர் இருக்கிறார். பாடும் மீன்களைப் பற்றிக் கவிதை பாடுவதில் எங்களை வெல்ல யாருமில்லை. அந்த மீன்களுக்கு வாவியையும் அந்த மனிதருக்குக் கரையையும் வைத்திருப்பதில் கொஞ்சம் அக்கறை கூடினால் நல்லது.

கனடாவிலும் இலண்டனிலும் சுவிஸிலும் இருந்து இதை வாசிக்கும் எங்கள் பிரதேசத்தவருக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலுள்ள உங்கள் வீட்டில், கோயிலில், பாடசாலையில் எந்த வருட வெள்ளம் எதுவரை ஏறியது என்று தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் தொலைபேசியில் கேளுங்கள். பிள்ளைகளை விட்டுச் சுவரில் ஒரு கோடு போடுவித்து, அருகில் ஆண்டையும் எழுதுவியுங்கள். ஒரு தகரம் வர்ணம் போதும். அரசாங்கத்தின் அளவுப் பலகைகள் வந்து சேரும்வரை அந்தக் கோடுகள் இருக்கட்டும். வந்தபின், அவற்றைச் சரிபார்க்க உதவட்டும். அடுத்த கார்த்திகைக்கு முன் இது நடக்கவேண்டும்.